எண்ணிக்கை சரியாக இருந்தது, பிள்ளையைக் காணோம்

கேள்வி:

ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பொங்கல் முடிந்ததும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேரை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார். 27 பெண் பிள்ளைகள், 19 பையன்கள். கூட வருவது இன்னொரு ஆசிரியையும் அலுவலக உதவியாளர் அண்ணனும்தான். காலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. பிறகு ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை. சாயங்காலம் வேட்டங்குடியில் பறவைகள். இதுதான் திட்டம். ஒரு பையனுக்கு வலிப்பு வரும். அவனைக் கூட்டிப்போகலாமா என்று தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு டீச்சர் பொறுப்பு?" என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாரணர் பயிற்றுநர்

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த அப்பா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். நீங்கள்தான் பொறுப்பு. நீங்களும் உங்கள் பள்ளியும். வண்டி பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதிலிருந்து, பிள்ளை திரும்பி வந்து வீட்டு ஆள் கையைப் பிடிக்கிற வரைக்கும். ஒப்புதல் படிவத்தின் அடியில் "அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி அச்சடிக்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கவனக்குறைவு நடந்த இடத்தில் அந்த வரி யாருக்கும் குடை பிடிக்காது. 1995 மே 28 அன்று பஞ்சாப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். 14 பிள்ளைகள் ஆற்றோடு போய்விட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்பது 2001-இல் உறுதியானது. பெற்றவர்கள் அதற்குள் ஆறு வருடம் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "நான்தான் பொறுப்பு. அதனால் இன்னின்னது செய்யப்போகிறேன். உங்களிடமிருந்து எனக்கு இன்னின்னது வேண்டும்." இப்படிப் பேசுகிற ஆசிரியையிடம் எந்த அப்பாவும் சண்டைக்கு வரமாட்டார்.

இனி என் கதை. நான் ஒரு பிள்ளையைத் தொலைத்தவன்.

தொண்ணூறுகளில் நடந்தது. 41 பிள்ளைகளோடு கானாடுகாத்தான் போயிருந்தோம். தெரிந்தவர் மூலமாக ஒரு பெரிய வீட்டைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தோம். உங்களுக்குத் தெரியாததில்லை, நம் பக்கத்துச் செட்டியார் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று போய்க்கொண்டே இருந்தால் பின்வாசல் வந்துவிடும். பிள்ளைகள் வளவில் ஓடினார்கள், தேக்குத் தூணைக் கட்டிப் பிடித்தார்கள், ஒருவன் பெல்ஜியம் கண்ணாடியில் தலை வாரினான். மத்தியானம் முகப்புத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து எலுமிச்சைச் சாதம் கொடுத்தோம். கை கழுவி எழுந்ததும் நானே எண்ணினேன். 41. வண்டியில் ஏறச் சொன்னேன்.

ஏறும்போது ஒரு பெண் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், இவன் நம்ம பள்ளிக்கூடம் இல்ல சார்" என்றாள்.

அவன் வீட்டுக் காவல்காரரின் பேரன். அதே வெள்ளைச் சட்டை, அதே காக்கி டவுசர். சாப்பாடு போடுகிறார்களே என்று வந்து உட்கார்ந்திருக்கிறான், பாவம். எண்ணிக்கை சரியாக இருந்தது. எங்கள் பிள்ளை ஒருவனைக் காணோம்.

அதைவிடக் கேவலம், காணாமல் போனது யார் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. எங்களிடம் இருந்தது ஒரு எண். பெயர் வாரியாக யார் யாரோடு இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்துப் பீரோவில் பத்திரமாக இருந்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அந்தச் சில விநாடிகளை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

பையன் பின்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறான். அந்தத் தெருவும் முன்தெரு மாதிரியே. அதே திண்ணை, அதே தூண், அதே வளைவு. முன்பக்கம்தான் வந்துவிட்டோம், வண்டி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, திருச்சி சாலையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டான். அழுதுகொண்டே போனவனை ஒரு ஆச்சி பார்த்து, வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, கையில் சீயம் கொடுத்து வைத்திருந்தார். நாங்கள் போய் நின்றபோது அவன் கேட்டது: "ஏன் சார் என்னய விட்டுட்டுப் போயிட்டீங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் சுற்றுலா நடத்தக் கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பார்க்கப் போன இடத்தில் நாம் எல்லோரும் விழிப்பாகவே இருக்கிறோம். பிள்ளை தவறுவது இடைப்பட்ட நேரத்தில். இறங்கும்போது, ஏறும்போது, சாப்பிட்டு எழும்போது, கழிப்பறைக்குப் போய் வரும்போது, திட்டத்தில் இல்லாத ஓர் இடத்தில் "அஞ்சு நிமிஷம்" என்று வண்டியை நிறுத்தும்போது. அப்போது பெரியவர்களுக்கும் களைப்பு. அவர் பார்த்துக்கொள்வார் என்று இவர், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்.

2023 பிப்ரவரி 15-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்குப் பக்கத்து மாவட்டம், புதுக்கோட்டையிலிருந்து ஓர் அரசு நடுநிலைப் பள்ளிப் பெண் பிள்ளைகள் தொட்டியம் பக்கம் கால்பந்துப் போட்டிக்குப் போனார்கள். போன இடத்தில் ஒரு கீறல் கிடையாது. போன காரியம் முடிந்தபின் மாயனூரில் காவிரியைப் பார்க்க இறங்கிய இடத்தில் நான்கு பேரை ஆறு கொண்டுபோய்விட்டது. உங்கள் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும்.

அதனால் முதல் வேலை, உங்கள் தலைமையாசிரியர் போட்ட திட்டத்தில் பாதியை அடிப்பது. ஒரே நாளில் ஆறு ஊர் என்றால் பன்னிரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் இறங்குவது தனி. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் உங்கள் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு பத்துத் தடவை போன இடங்கள். அங்கே கூட்டம் வேறு நெருக்கும். விட்டுவிடுங்கள். வேட்டங்குடியை விடச் சொல்வது எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத அந்தப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்களை நம் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தி சாயும் நேரம், களைத்த பிள்ளைகள், கண்மாய்க்கரை. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதற்கென்று வேறொரு நாள், ஒரு வகுப்பை மட்டும், காலையில் கூட்டிப்போங்கள்.

மிச்சம் இருப்பது திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி. வரிசையை மாற்றுங்கள். கோட்டையை முதலில் பாருங்கள். தை மாதம்தானே என்று இருந்துவிடாதீர்கள், பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறை காய்ந்த தோசைக்கல். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் பீரங்கியைக் கண்டால் என்ன செய்வான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே போவதற்கு முன் ஒரு பெரியவர் ஏறிப் போய் ஓரத்தில் நின்றுகொள்ளட்டும். அவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது என்பதே எல்லை. பாறையைக் குடைந்த சிவன் சன்னதிக்கு ஏணியில் ஏற வேண்டும். ஒரு சமயம் ஒரு பிள்ளை, கீழே ஒருவர், மேலே ஒருவர். அது முடியாதென்றால் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. பாறை இடுக்கிலோ கோபுரத்திலோ தேனடை தொங்கினால் கல்லெறிவது, புகை போடுவது, கூச்சல் போடுவது கூடாதென்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஒருவன் எறிகிற கல்லுக்கு 46 பேரும் கொட்டு வாங்குவார்கள்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கொடி இழுப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. உடைந்த கண்ணாடி கிடக்கும், சிமெண்டு கையிலும் கண்ணிலும் பட்டால் எரித்துவிடும். கல்லை ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்திலேயே இருக்கும். பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுங்கள். மற்றவர்கள் வெளியே நிழலில் இருக்கட்டும்.

அடுத்தது ஆள். மூன்று பெரியவர்களால் 46 பிள்ளைகளைப் பார்க்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர் பார்த்தது இல்லை. பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்பது என் கணக்கு. ஐந்து குழுக்கள்: நான்கில் ஒன்பது பேர், ஒன்றில் பத்துப் பேர். நீங்கள் எந்தக் குழுவையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாலும் ஒருவன் விழுந்தாலும் ஓடுவதற்கு ஓர் ஆள் கையை வீசிக்கொண்டு நிற்க வேண்டும். ஆக இன்னும் மூன்று பேர் தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார் இரண்டு பேரைக் கேளுங்கள். மூன்றாவது ஆளாக, "யாரு பொறுப்பு" என்று கேட்டாரே அந்த அப்பாவையே கூப்பிடுங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பயப்படுகிறவர்தான் நல்ல காவல்காரர்.

அவரவர் குழுவின் பெயர்ப் பட்டியல் அவரவர் சட்டைப் பையில் இருக்கட்டும். முதல் நாளே குழுவும் பெரியவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடட்டும். அந்தப் பத்து முகமும் அவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். நான் 41 என்று எண்ணியபோது என்னிடம் இல்லாதது அதுதான். பிள்ளைகளை எண் சொல்லவைப்பது நல்ல பழக்கம். ஆனால் வகுப்பில் கூட்டாளிக்காக "உள்ளேன் ஐயா" சொல்லிப் பழகிய குரல்கள் வண்டியிலும் சொல்லும். எண்ணும்போது தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, பட்டியலில் ஒரு கோடு போடுங்கள். ஐந்து பேரும் "சரி" என்று சொன்னபிறகு, கடைசியாக நீங்கள் கையைத் தூக்கினால்தான் டிரைவர் சாவியைத் திருக வேண்டும். இதை அவரிடம் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சட்டையில் பெரிய எழுத்தில் பெயர் எழுதித் தொங்கவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. "தம்பி இன்னாரு, அப்பா கூப்பிடுறாருடா" என்று முன்பின் தெரியாதவன் கூப்பிட அதுவே வழி செய்துகொடுக்கும். வெளியே பள்ளியின் பெயரும் உங்கள் செல்பேசி எண்ணும் போதும். பிள்ளையின் பெயரும் வீட்டு எண்ணும் ஒரு துண்டுத் துணியில் எழுதி, சட்டைக்கு உட்புறம் ஊக்கு குத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாடம்: ஆள் தவறிவிட்டால் தேடிக்கொண்டு நடக்காதே, தெரிந்ததும் அங்கேயே நில். நின்ற பிள்ளையைத் தேடிப் பிடித்துவிடலாம். நடக்கிற பிள்ளையும் தேடுகிற ஆளும் ஒரே வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், நான் வந்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும்.

நீங்கள் போகிற மாதத்தில் மழை முடிந்து கண்மாயும் ஊருணியும் நிறைந்து கிடக்கும். நம் ஊருணிகளைப் பார்த்தால் யாருக்கும் பயமே வராது. நான்கு பக்கமும் கல் படிக்கட்டு, கரையில் கோயில், குடம் தூக்கிப் போகிற பெண்கள். அந்தப் படியில் நீருக்கு உள்ளே இருக்கிற முதல் கல் முழுக்கப் பாசி. கால் வைத்தால் ஆள் உட்கார்ந்தபடியே உள்ளே போய்விடுவார். சில ஊருணிகளின் நடுவே கிணறு வெட்டியிருப்பார்கள், கோடையில் ஊற்று எடுப்பதற்காக. தண்ணீர் நிறைந்த காலத்தில் அது வெளியே தெரியாது. கண்மாயில் மண் அள்ளிய பள்ளம் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போனவன் அடுத்த அடியில் ஆளே இல்லாமல் போவான். உள்ளூர்ப் பையனுக்கு எந்த மூலையில் பள்ளம் என்று தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. தன் ஊர்க் கண்மாயில் நன்றாக நீந்துகிறவன்தான் அயலூர்த் தண்ணீரில் துணிந்து முதலில் குதிப்பான்.

அதனால் "கால் மட்டும் நனைச்சுக்கிறோம் டீச்சர்" என்பதற்குப் பதில், கூடாது. கை கழுவவும் ஊருணிப் படி கூடாது; வண்டியில் இரண்டு பெரிய கேனில் தண்ணீர் வையுங்கள். நீங்கள் ஒரு முறை சரி என்று சொன்னால் 46 பிள்ளைகளின் கால்களும் நனையும்.

இன்னொன்று. முங்குகிற பிள்ளை கூச்சல் போடாது. சினிமாவில்தான் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்பார்கள். மூச்சுக்குத் தவிக்கிறவனுக்குக் கத்த மூச்சு எங்கே இருக்கும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்க, சத்தமில்லாமல் முடிந்துவிடும். கரையில் நிற்பவன் விளையாடுகிறான் என்று நினைப்பான். அதோடு, ஒருவனைத் தூக்கப் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இருவரும் போவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. சாரணர் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவது இதுதான்: நீ இறங்காதே. எறி, நீட்டு. துப்பட்டா, வேட்டி, மூங்கில், எது கிடைத்தாலும் நீட்டு. வண்டியில் பதினைந்து மீட்டர் கயிறும், மூடியை இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேனும் இருந்தால், கேனைக் கயிற்றில் கட்டி எறிந்துவிடலாம். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் மிதக்கலாம்.

வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் தலையில் தூக்கி வைத்துச் சுற்றுவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. எல்லாம் வீண். போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்று போகாத நிமிடம். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடியும் 30. மூச்சு வரும் வரை, அல்லது 108 வரும் வரை. இதை எழுத்தில் படித்துச் செய்துவிட முடியாது. உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கே வந்து செய்து காட்டுவார்கள். சுற்றுலாவுக்கு முன் ஒருநாள் வரவழையுங்கள். ஆறு பெரியவர்களும் பொம்மையின் மேல் கைவைத்து ஒரு தடவையாவது அழுத்திப் பார்க்கட்டும். பிள்ளைகளும் பார்க்கட்டும், அவர்களுக்கு அது சுற்றுலாவை விட அதிகமாக நினைவில் நிற்கும்.

வண்டி விஷயம். தை பிறந்தால் முகூர்த்தம். உங்களுக்கு வருகிற டிரைவர் முந்தின இரவு முழுக்கக் கல்யாண வண்டி ஓட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேரே உங்கள் பள்ளி வாசலுக்கு வந்திருப்பார். பஞ்சாங்கத்தைப் பார்த்து, பெரிய முகூர்த்த நாளுக்கு மறுநாளாக இல்லாமல் தேதி குறியுங்கள். "ராத்திரி தூங்கினீங்களாண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கோபம் வந்தால் வரட்டும். அவசர வழிக் கதவை அவரையே ஒரு முறை திறந்து காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்துத் திறக்காத கதவுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஓர் இருக்கை, மடியில் பிள்ளை கிடையாது. இறங்குகிற இடம் நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் என்றால் வண்டிதான் திரும்பி வர வேண்டும், பிள்ளைகள் சாலையைக் கடக்கக் கூடாது. வண்டி பின்னால் எடுக்கும்போது அலுவலக உதவியாளர் கீழே நிற்கட்டும். இருட்டுவதற்குள் தேவகோட்டை திரும்பிவிடுங்கள். 2022 அக்டோபரில் கேரளத்திலிருந்து ஊட்டிக்கு இரவோடு இரவாகக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி பக்கம் அரசுப் பேருந்தின் பின்னால் போய் மோதி ஒன்பது பேர் போனார்கள். ஒருநாள் சுற்றுலாவில் இரவுப் பயணத்துக்கு எந்த அவசியமும் இல்லை.

வலிப்பு உள்ள பையன். கூட்டிப்போங்கள். அவனை விட்டுவிட்டுப் போனால் மறுநாள் வகுப்பில் 45 பேர் கோட்டைக் கதை பேசும்போது அவன் எங்கே பார்ப்பான்? அவன் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, கடைசியாக எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டாலும், மாத்திரை ஒரு வேளை தப்பினாலும் வலிப்பு வரக்கூடும். சுற்றுலாவுக்கு முந்தின இரவு எந்தப் பிள்ளையும் தூங்காது என்பதால் அதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். கோட்டையின் ஓரத்திலும் ஏணியிலும் அவன் வேண்டாம், அவனோடு ஒரு பெரியவர் கீழே பீரங்கிக் கதை சொல்லிக்கொண்டிருக்கலாம். வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துணி, சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்குங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. அவன் குழுப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்; தெரிந்த பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து வைத்திருக்கும் பிள்ளையும் ஒருவராவது இருக்கக்கூடும். அது பையில் வேண்டாம், பிள்ளையின் கையிலோ குழுப் பெரியவரிடமோ இருக்கட்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஊசி. சாயங்காலம் வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

27 பெண் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாப்கினும் மாற்றுத் துணியும் ஒரு தனிப் பையில் உங்களிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியட்டும். கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்து, மத்தியானம் மயங்கி விழுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வெயில் என்று நாம் நினைத்துக்கொள்வோம். எந்தப் பிள்ளையும், பையனோ பெண்ணோ, டிரைவரோடும் வீடு காட்டுகிற ஆளோடும் தனியாக எங்கேயும் போகக் கூடாது. "மாடியில ஒரு அறை இருக்கு, வா காட்டுறேன்" என்றால் குழுவோடுதான். யாராவது தொட்டது பிடிக்காவிட்டால் அங்கேயே கத்தலாம், யாரும் திட்டமாட்டோம் என்று கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். போகிற இடத்திலிருந்து படத்தை உடனுக்குடன் ஸ்டேட்டஸில் போடுவதையும் அன்று ஒரு நாள் நிறுத்திவையுங்கள். இத்தனை பிள்ளைகள் இந்த நேரம் இங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோருக்கு மூன்று வேளை ஒரு வரித் தகவல் போதும்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. சுற்றுலாவுக்கு முந்தின சனிக்கிழமை நீங்களும் அலுவலக உதவியாளர் அண்ணனும் பஸ் ஏறி அந்த மூன்று இடத்துக்கும் போய் வாருங்கள். எங்கே வண்டி நிற்கும், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பக்கத்து அரசு மருத்துவமனை எந்தத் திருப்பத்தில் என்று காலால் நடந்து பாருங்கள். கானாடுகாத்தானில் வீடு காட்டுகிறவரிடம் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, மாடிக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா என்று கேளுங்கள். பிறகு கடைசிக் கட்டு வரைக்கும் போங்கள். "பின்வாசல் எப்பவும் பூட்டித்தான் டீச்சர் இருக்கும்" என்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். தாழ்ப்பாளைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.